மூச்சு விட்ட குற்றம்

பிளாஸ்டிக் படலத்தின் வழியாக வாயு எவ்வளவு போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது, போகிற வழியில் எவ்வளவு உள்ளேயே கரைந்து தங்கிவிடுகிறது என்று அளந்து சொல்வதற்கென்றே ஒரு நிறுவனம் இருந்தது. நான்கு மாடிக் கட்டடம். அதன் பெயர்ப் பலகையை முழுதாகப் படிக்க வேண்டுமானால் சாலையைக் கடந்து எதிர்ச்சாரி நடைபாதையில் போய் நின்றுகொள்ள வேண்டும். பிளாஸ்டிக் பை செய்து விற்கிற பைக்காரர் முதல் நாள் அது தெரியாமல் நடுச்சாலையிலேயே நின்று படித்தார். ‘அளவீட்டு’ என்ற சொல்லுக்கு வருவதற்குள் இரண்டு லாரிக்காரர்கள் அவரைத் திட்டிவிட்டுப் போனார்கள்.

பைக்காரருக்கு இருந்தது ஒரு தகரக் கொட்டகையும் அதில் ஒரே ஒரு ஊது இயந்திரமும். பிளாஸ்டிக் குருணையை உருக்கி, கூரையைத் தொடுகிற உயரத்துக்குக் குமிழாக ஊதி, அதை அமுக்கிச் சுருட்டினால் படலம். மறுமுனையில் அவர் மனைவி அதை வெட்டி ஒட்டிப் பையாக்குவாள். ரொட்டிக் கடைகளுக்கும் துணிக் கடைகளுக்கும் பை போட்டுக்கொண்டிருந்தவர்கள், பெரிய கம்பெனிகள் அந்த வேலையை அள்ளிக்கொண்டு போன பிறகு காளானைப் பிடித்துக்கொண்டார்கள்.

காளான் ஒரு வினோதமான சரக்கு. பறித்த பிறகும் சாகாது. பையில் போட்டாலும் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். சாதாரணப் பையில் தன் மூச்சிலேயே தான் முங்கி, மறுநாள் காலையில் கொழகொழவென்று ஆகிவிடும். பைக்காரர் மூன்று வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டு, இரண்டு விதமான குருணைகளை ஒரு கணக்கில் கலந்து ஊதியதில், உள்ளே இருக்கிற கெட்ட காற்றை மெதுவாக வெளியே விட்டு நல்ல காற்றை உள்ளே வாங்குகிற ஒரு பை கிடைத்தது. அதில் காளான் ஒன்பது நாள் அப்போதுதான் பறித்தது போல இருந்தது. அவர் மனைவி ஒன்பது நாளும் சமையலறை அலமாரியில் வைத்து, காலையும் மாலையும் அழுத்திப் பார்த்தவள்.

காளான் வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர் அம்மாவுக்கும் பை பிடித்துப் போயிற்று. சீசன் முழுக்க நானூறு உறுப்பினர்களுக்கும் இந்தப் பைதான் என்று வாயால் சொல்லியும் விட்டார். தடையாக நின்றது புதிதாக வந்திருந்த ஒரு விதி. பை எவ்வளவு வாயுவை விடுகிறது என்று நிறுவனம் அளந்து, முத்திரை வைத்து, எண் போட்டுக் கொடுத்த காகிதம் இருக்க வேண்டும். எண் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவே இருக்க வேண்டும். இரண்டுக்குக் கீழே போனால் காளான் மூச்சு முட்டிப் போகும், நாலுக்கு மேலே போனால் பழுப்படித்துப் போகும்.

“மூணு மாசம் டைம் இருக்கு தம்பி. முதல் பறிப்புக்கு முன்னாடி காகிதத்தோட வாங்க. இல்லைன்னா நான் அந்தப் பெரிய கம்பெனி பையைத்தான் வாங்கியாகணும், அவங்ககிட்ட அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி வாங்கின காகிதம் இருக்கு. எனக்கு வேற வழி இல்லை” என்றார் செயலாளர் அம்மா.

வேறு வழி பைக்காரருக்கும் இல்லை. இந்த ஆர்டர் போனால் இயந்திரத்தை நிறுத்த வேண்டியதுதான். அந்த வயதில் புருஷனும் பெண்டாட்டியும் யார் வாசலில் போய் வேலை கேட்டு நிற்பது?

நிறுவனத்தின் வரவேற்பறையில் பதினாறு பக்கப் படிவம் கொடுத்தார்கள். ஒன்பதாவது கேள்வி, ‘படலத்தினுள் நுழையவிருக்கும் வாயுவின் நோக்கம்’ என்று இருந்தது. பைக்காரர் நெடுநேரம் யோசித்து, ‘வெளியே போவது’ என்று எழுதினார். வரவேற்பு எழுத்தர் அதை அடித்துவிட்டு, இந்த நிறுவனத்தில் அப்படி ஒரு நோக்கத்தை இதுவரை யாரும் எழுதியதில்லை என்றும், ‘பொது’ என்று போட்டால் போதும் என்றும் சொன்னார்.

அடுத்த தடங்கல் தடிமனில் வந்தது. படலம் வெங்காயத் தோல் மாதிரி மெல்லியதாக இருந்தது. நிறுவனத்தின் எஃகுப் பிடிப்பானோ அதைவிடப் பத்து மடங்கு தடித்த தகட்டுக்காகச் செய்தது. மெல்லிய படலத்துக்கு ஏற்ற பிடிப்பான் ஒன்று வாங்கினால் என்ன என்று பைக்காரர் அப்பாவியாகக் கேட்டார். அதற்கான குழு ஆறு வருஷத்துக்கு முன்பே கூடி, மெல்லிய படலம் அளவீட்டின் கண்ணியத்துக்குப் பொருந்தாது என்று தீர்மானித்திருக்கிறது என்று பதில் வந்தது. பைக்காரர் வீட்டுக்குப் போய் அதே குருணையை அதே கணக்கில் கலந்து, அழுத்திப் பிடித்து, பத்து மடங்கு தடிமனில் ஒரு வட்டத் தகடு செய்து எடுத்துவந்தார்.

தகட்டை முப்பது நாள் ‘அமைதி அறை’யில் வைத்தார்கள். வெளியிலிருந்து வருகிற எந்தப் பொருளும் பதற்றத்தோடு வருமாம். முப்பது நாளில் அது நிறுவனத்தின் இயல்புக்கு வந்துவிடுமாம். ஊழியர்களுக்கு அவ்வளவு நாள் தேவைப்படுவதில்லை என்று வரவேற்பு எழுத்தர் பெருமையாகச் சொன்னார்.

முப்பத்தோராம் நாள் அளவீட்டுக் கூடத்துக்குள் பைக்காரரை அனுமதித்தார்கள். கூடம் எப்போதும் இருபத்தைந்து பாகை வெப்பத்தில் இருக்க வேண்டும். வெப்பம் ஏறினால் வாயு துள்ளும், அளவு கெடும். அது நியாயம். ஆனால் மனிதன் சும்மா நின்றாலே நூறு வாட் விளக்கு அளவுக்குச் சூடு விடுகிறான் என்று யாரோ ஒரு இயக்குநர் எப்போதோ படித்துத் தொலைத்திருந்தார். அதனால் கூடத்தில் நூறு வாட் விளக்குகள் எட்டு எரியும். உள்ளே ஒரு ஆள் வந்தால் ஒரு விளக்கை அணைப்பார்கள். ஆள் வெளியே போனால் போடுவார்கள். பைக்காரர் நுழைந்ததும் ஒன்று அணைந்தது. பின்னாலேயே இரண்டு அதிகாரிகள் வந்தார்கள், இன்னும் இரண்டு அணைந்தன. வேலை அதிகமாக இருக்கிற நாளில்தான் இங்கே கண்ணே தெரியாது என்று யாரோ இருட்டிலிருந்து சொன்னார்கள்.

அப்படிச் சொன்னது வாசிப்பாளர். அழுத்தமானியில் தெரியும் எண்ணை வாசித்து நோட்டில் எழுதுவது அந்தப் பெண்ணின் உத்தியோகம். நான்கு வருஷமாக அந்த ஸ்டூலில் இருக்கிறார். பைக்காரருக்கு விஷயத்தை விளக்கிச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

“இந்தத் தகட்டுல கண்ணுக்குத் தெரியிற ஓட்டை எதுவும் இல்லைண்ணே. வாயு முதல்ல மேல் பக்கத்துல கரையும், சர்க்கரை தண்ணியில கரையற மாதிரி. அப்புறம் மெல்ல மெல்ல நகர்ந்து கீழ்ப் பக்கமா வெளியே வரும். கீழே இருக்கிற காலிப் பெட்டியில அழுத்தம் ஏறும். எப்ப ஏற ஆரம்பிக்குதுன்னு பார்த்தா வேகம் தெரியும். எவ்வளவு சரிவா ஏறுதுன்னு பார்த்தா மொத்தம் எவ்வளவு போகுதுன்னு தெரியும். ரெண்டும் தெரிஞ்சா உள்ளே கரைஞ்சு நிக்கிறது எவ்வளவுன்னு கணக்குப் போட்டுடலாம். தடிமனையும் வகுத்துத் தள்ளிட்டா உங்க பைக்கு உள்ள எண் வந்துடும்” என்றார்.

பைக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. மூன்று வருஷம் அவர் மனைவி விரலால் அழுத்திப் பார்த்ததை இந்தப் பெண் எண்ணால் சொல்லப் போகிறாள்.

தகட்டை இரண்டு எஃகுப் பெட்டிகளுக்கு நடுவே வைத்து முறுக்கினார்கள். முறுக்குவதற்கு ஓர் அதிகாரி. இரண்டு பக்கமும் இருந்த காற்றைப் பம்பு போட்டு உறிஞ்சினார்கள். உறிஞ்சுவதற்கு ஓர் அதிகாரி. பிறகு வாசிப்பாளர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மானியைப் பார்த்து எழுதத் தொடங்கினார். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். பக்கத்து மேஜையில் பூஜ்ய சரிபார்ப்பாளர் என்று ஒருவர் ஒவ்வொரு பூஜ்யத்தின் கீழும் கையெழுத்துப் போட்டார். வட்டம் சரியாக மூடாத பூஜ்யங்களைத் திருப்பி அனுப்பினார்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நெருக்கடி. பூஜ்யத்துக்குப் பிறகு மூன்று இலக்கம் போதுமா, ஐந்து வேண்டுமா என்று அதிகாரிகளுக்குள் கைகலப்பு நடக்காத குறை. அளவு நின்றது, குழு கூடியது. ஒன்பது நாள் கழித்து ஐந்து இலக்கம் என்று முடிவாகி, புது மானி வந்து, பழைய நோட்டுகளில் இருந்த எல்லாப் பூஜ்யங்களுக்கும் பின்னால் மேலும் இரண்டு பூஜ்யம் சேர்க்க வாசிப்பாளர் பணிக்கப்பட்டார். நிறுவனத்தின் துல்லியம் நூறு மடங்கு உயர்ந்துவிட்டதாகச் செய்திமடலில் படத்தோடு போட்டார்கள்.

பைக்காரருக்கு ஒவ்வொரு பூஜ்யமும் நெஞ்சில் இடித்தது. வீட்டுக்குப் போனால் மனைவி நேற்று அடைத்த பையைக் காட்டுவாள். காளான் ஜம்மென்று இருக்கும். அவள் வேறு எதையும் கேட்க மாட்டாள், அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள்.

ஐம்பத்தெட்டாம் நாள் சான்றிதழ் கையில் வந்தது. சுற்றிலும் தங்க நிற விளிம்பு. நடுவே கொட்டை எழுத்தில், வாயு ஊடுருவல்: 0.00000. கீழே மூன்று கையெழுத்துகள். பைக்காரர் அதை வீட்டு மேஜையில் வைத்தார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தாள்.

“முட்டை வாங்கினதுக்கா இவ்வளவு பெரிய பார்டர் போட்டுக் குடுத்திருக்காங்க?” என்றாள்.

செயலாளர் அம்மா அவ்வளவு தமாஷாக எடுத்துக்கொள்ளவில்லை. காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை பார்த்தார். அவர் மேஜை மேலேயே இதே பையில் ஆறு நாளான காளான் பளபளவென்று இருந்தது. கண்ணால் பார்க்கிறது வேறே, காகிதம் சொல்கிறது வேறே, அவர் காகிதத்துக்குத்தான் கையெழுத்துப் போட முடியும் என்று வருத்தத்தோடு சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். இன்னும் ஒரு மாதம் இருந்தது.

பைக்காரர் மேல்முறையீடு செய்யப் போனார். அதற்கும் படிவம். ‘எண் அதிகமாக உள்ளது’, ‘எண் மிக அதிகமாக உள்ளது’, ‘எண் தாங்க முடியாத அளவு அதிகமாக உள்ளது’ என்று மூன்று கட்டங்கள். எண் குறைவாக இருக்கிறது என்று சொல்ல இடமே இல்லை. எழுத்தர் இரக்கப்பட்டு அவரை உட்கார வைத்து, இதுவரை இங்கே பூஜ்யம் வாங்கிக்கொண்டு யாரும் முகத்தைத் தொங்கப்போட்டதில்லை என்றார். வறுவல் கம்பெனிக்காரர்கள், மாத்திரை கம்பெனிக்காரர்கள், காப்பித்தூள் கம்பெனிக்காரர்கள், எல்லாரும் காற்றுப் புகாத பைக்காக வருகிறவர்கள். பூஜ்யத்தைக் கையில் வாங்கியதும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சிலர் கண் கலங்கியதையும் அவர் பார்த்திருக்கிறார்.

“எல்லாருக்குமா பூஜ்யம்?” என்று பைக்காரர் கேட்டார்.

நான்கு வருஷமாக எல்லாருக்கும் பூஜ்யம்தான் என்றார் எழுத்தர், நிறுவனத்தின் தரம் அப்படி.

பைக்காரர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் சாப்பாட்டு நேரத்துக்காக வாசிப்பாளர் இறங்கி வந்தார். கூடத்தில் ஒரு விளக்கு எரியத் தொடங்கியிருக்கும். அவர் இரண்டு படி தள்ளி உட்கார்ந்து, டிபன் டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

“அண்ணே, ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. வாயுவை உள்ளே விடுற வால்வை யாரும் திறக்கிறதே இல்லை.”

பைக்காரருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

“முறுக்கறதுக்கு ஒருத்தர், உறிஞ்சறதுக்கு ஒருத்தர், வாசிக்கிறதுக்கு நான். திறக்கிறதுக்குன்னு திறப்பு அதிகாரி ஒருத்தர் இருந்தார். நாலு வருஷம் முன்னாடி ஓய்வு பெற்றுட்டார். அவர் இடத்துக்கு யாரையும் போடலை. வேற யாரும் அந்த வால்வைத் தொடக்கூடாது. நான் வந்த புதுசுல ஒரு தடவை எழுதிக் கேட்டேன். மெமோ வந்துச்சு. ‘வாசிப்பாளரின் கடமை வாசிப்பது’ன்னு.”

வாயுவை உள்ளே விடாமலே, அது வெளியே வருகிறதா என்று நான்கு வருஷமாக ஒரு கட்டடமே காத்துக்கொண்டிருக்கிறது. பைக்காரருக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிடம் அழுகையும் வந்தது. அவர் நேராக இயக்குநரைப் பார்க்கப் போனார்.

இயக்குநர் மிகக் குறைவாக அசைகிறவர். அசையாமல் இருந்தால் சூடு குறைவு என்பதால் நிறுவனத்தில் பதவி உயர உயர அசைவு குறைந்துகொண்டே போகும். அவர் கண்ணை மட்டும் பைக்காரர் பக்கம் திருப்பினார். பைக்காரர் தகடு, வால்வு, காளான், சீசன் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். வாசிப்பாளரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, தானாகவே கவனித்ததாகச் சொன்னார்.

“திறக்கணும்ங்கிறீங்க” என்றார் இயக்குநர்.

“ஆமாங்க ஐயா. திறந்தாத்தானே வாயு போகுதா இல்லையான்னு தெரியும்.”

“திறந்தா ஏதாவது எண் வரும். அந்த எண் சரியா தப்பான்னு யாராவது கேப்பாங்க. அப்புறம் அதைச் சரிபார்க்கணும். அந்தத் தலைவலி நமக்கு எதுக்கு? நாலு வருஷமா திறக்காமலே இவ்வளவு நல்ல முடிவு வந்துக்கிட்டிருக்கு. திறப்பு அதிகாரி இருந்த காலத்துல மாசம் பத்து புகார் வரும். இப்ப ஒண்ணு கூட இல்லை. நீங்கதான் முதல் ஆள்.” அவர் குரலில் கோபமே இல்லை, நிஜமான வருத்தம்தான் இருந்தது. “உங்க தகட்டுல ஐந்து இலக்கம் வரைக்கும் பூஜ்யம். புது மானியில வந்த முதல் பூஜ்யம் அது. அதுக்காக உங்களுக்கு விருது குடுக்கப் போறோம். சந்தோஷமா வீட்டுக்குப் போங்க.”

விருதின் பெயர் ‘ஊடுருவா மாமணி’. விழா முதல் பறிப்புக்கு மூன்று நாள் முன்னதாக, அளவீட்டுக் கூடத்திலேயே. வந்திருப்பவர்கள் கண் முன்னால் அதே தகட்டில் பூஜ்யத்தைச் செய்து காட்டுவது என்று ஏற்பாடு.

போவதா வேண்டாமா என்று பைக்காரர் இரண்டு நாள் குழம்பினார். விருதைச் சுவரில் மாட்டினால் காளான் சங்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. மனைவிதான் போகலாம் என்றாள். “மூணு வருஷம் நம்ம ரெண்டு பேரையும் தூங்க விடாத சரக்குல செஞ்ச தகடு அது. கடைசியா ஒரு தடவை பார்த்துட்டாவது வரலாம் வாங்க.”

விழாவுக்கு முப்பது பேர் வந்தார்கள். முதல் எட்டுப் பேர் நுழைந்ததுமே விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. மிச்சப் பேரை என்ன செய்வது என்று விதியில் இல்லை. அதனால் அவர்களை வாசலுக்கு வெளியே நிற்க வைத்து, தலையை மட்டும் உள்ளே நீட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மானியின் பச்சை எண்கள் மட்டும் இருட்டில் தெரிந்தன. விருது பெறுகிறவருக்கென்று நாற்காலி எதுவும் ஒதுக்கவில்லை. தடவித் தடவித் தேடி, நான்கு வருஷமாகத் துணி போர்த்திக் காலியாகக் கிடந்த ஒரு நாற்காலியில் பைக்காரரை உட்கார வைத்தார்கள். மனைவி பக்கத்தில் சுவரோடு நின்றுகொண்டாள்.

பக்கத்து ஸ்டூலிலிருந்து வாசிப்பாளரின் குரல் கிசுகிசுத்தது. “ரெண்டு பெட்டியும் சுத்தமா உறிஞ்சி வெச்சிருக்குண்ணே. நான் வாசிக்க மட்டுந்தான் முடியும். நீங்க உட்கார்ந்திருக்கிற நாற்காலி யாரோடதுன்னு தெரியுமா?”

பைக்காரர் வலது கையை நீட்டிப் பார்த்தார். சில்லென்று ஒரு வால்வு கைக்கு வந்தது. திறப்பு அதிகாரி உட்கார்ந்த இடத்திலிருந்தே திறக்க வாகாக அமைத்திருந்தார்கள். அவருக்கு இது தப்பா, சரியா, ஜெயிலா என்று ஒன்றும் புரியவில்லை. இருட்டில் மனைவியின் கை வந்து அவர் கை மேல் படிந்தது. இரண்டு கையும் சேர்ந்து திருகின. நான்கு வருஷத் துருவாக இருந்தும் சத்தம் போடாமல் திறந்துகொண்டது. மெல்லிய ‘ஸ்ஸ்’ சத்தம் மட்டும் கேட்டது. முன் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சியதாக எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இயக்குநர் பேச எழுந்தார்.

“அவையோரே, இந்த நிறுவனத்துக்குள் நுழைவது எளிதல்ல. நுழைந்தது எதுவும் வெளியே போனதும் இல்லை. எங்கள் வாசலில் கொடுக்கப்பட்ட எத்தனையோ மனுக்கள் இன்றைக்கும் எங்களிடமே பத்திரமாக இருக்கின்றன. நான்கு ஆண்டுகளில் இங்கிருந்து ஒரு தவறான எண் வெளியேறியதுண்டா? இல்லை. எண்ணே வெளியேறவில்லையே என்று சில குதர்க்கவாதிகள் கேட்கிறார்கள். அதைத்தான் நானும் பெருமையோடு சொல்கிறேன்.”

கைதட்டினார்கள். மானியில் 0.00000. பைக்காரர் கண் கொட்டாமல் அதையே பார்த்தார்.

“ஒரு பொருளை அளப்பதென்றால் என்ன? அதைத் தொந்தரவு செய்வது. நாங்கள் தொந்தரவு செய்யாமல் அளக்கிறோம். அளவுக்கு முன்னால் தகடு எப்படி இருந்ததோ, அளந்த பின்னும் அப்படியே இருக்கிறது. எங்களுக்கும் அதனால் எந்த மாற்றமும் இல்லை.”

ஐந்து நிமிடம் ஆயிற்று. இன்னும் பூஜ்யம். பைக்காரர் வால்வைத் தடவிப் பார்த்தார். வால்வை வேறு பக்கம் திருகிவிட்டோமோ? வால்வுக்குப் பின்னால் இருக்கிற வாயு சிலிண்டர் காலியோ? இல்லை, நிஜமாகவே நம் சரக்கு பூஜ்யம்தானோ, காளான் வேறு ஏதோ காரணத்தால்தான் பிழைத்திருந்ததோ என்று கூட ஒரு கணம் தோன்றிவிட்டது. மூன்று வருஷ உழைப்பின் மேல் அவருக்கே சந்தேகம் வந்த நிமிடம் அது. அதற்காக அவர் அந்த நிறுவனத்தைக் கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை. வாயு மட்டும் யாருடைய பேச்சையும் கேட்காமல் தகட்டுக்குள் கரைந்து, நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

இயக்குநர் துல்லியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது, எட்டு நிமிடம் கடந்ததும், கடைசி இலக்கம் ஒன்றாயிற்று. குழு கூடி ஒன்பது நாள் வாதாடிச் சேர்த்த அந்த ஐந்தாவது இலக்கம். பிறகு இரண்டாயிற்று, ஐந்தாயிற்று, பக்கத்து இலக்கமும் அசைந்தது.

“ஏதோ ஏறுது போலிருக்கே” என்றார் சிறப்பு விருந்தினர்.

இயக்குநர் திரும்பினார். பல வருஷத்தில் அவர் உடம்பு முழுதாகத் திரும்பியது அப்போதுதான். மானி பழுது என்றார், இருட்டில் கண் கூசுகிறது என்றார், யாரும் பார்க்க வேண்டாம் என்றார். அதற்குள் வாசிப்பாளர் எழுந்து நின்று, நோட்டைப் பிரித்து, கணீரென்ற குரலில் எண்ணை வாசிக்கத் தொடங்கிவிட்டார். நிறுத்தச் சொன்னபோது, வாசிப்பாளரின் கடமை வாசிப்பது என்று மெமோ இருக்கிறது, வேண்டுமானால் எடுத்து வருகிறேன் என்றார். பத்து விநாடிக்கு ஒரு தடவை வாசித்தார். ஒவ்வொரு எண்ணும் முந்தியதைவிடப் பெரிதாக இருந்தது. வாசலில் நீட்டியிருந்த தலைகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின, உள்ளே இருந்தவர்களிலும் இரண்டு பேர் நழுவினார்கள். ஆள் குறைந்ததால் விளக்குகள் ஒன்றிரண்டு எரிந்தன. அந்த வெளிச்சத்தில், திறப்பு அதிகாரியின் நாற்காலியில் வால்வில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்த பைக்காரரை எல்லாரும் பார்த்தார்கள்.

விருது கொடுக்கப்படவில்லை. அன்றைக்கே விசாரணைக் குழு கூடிற்று. ஒரு சான்றிதழ் தர ஐம்பத்தெட்டு நாள் எடுத்துக்கொண்ட நிறுவனம், ஒரே நாளில் பைக்காரர் மேல் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தயாரித்து, ஆள் மூலம் கொட்டகைக்கே அனுப்பிவைத்தது. அவன் தப்பிக்கக் கூடாது, நடந்த சேதத்தைக் கடைசி இலக்கம் வரை எண்ணோடு பதிவு செய்யுங்கள் என்று இயக்குநர் உத்தரவு போட்டிருந்தார். பதிவு செய்தவர் வாசிப்பாளர். படித்த படிப்புக்கு நான்கு வருஷம் கழித்து அன்றுதான் வேலை கிடைத்த மாதிரி அவர் உட்கார்ந்து எழுதியிருந்தார்.

நீளமான உறையையும் அரக்கு முத்திரையையும் பார்த்ததுமே பைக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு மூட்டைக் குருணை மேல் உட்கார்ந்தார். “நீயே படி, எனக்குப் படபடன்னு வருது” என்று மனைவியிடம் நீட்டினார்.

அவள் சத்தமாகப் படித்தாள்.

“‘குற்றச்சாட்டு ஒன்று. தங்கள் படலம், இருபத்தைந்து பாகை வெப்பத்தில், நிறுவனத்துக்குச் சொந்தமான கரியமில வாயுவை 3.10427 என்ற வீதத்தில் மறுபக்கம் போகவிட்டுள்ளது. குற்றச்சாட்டு இரண்டு. மேற்படி வாயு தகட்டைக் கடந்து வெளிவர எட்டு நிமிடம் பன்னிரண்டு விநாடி மட்டுமே எடுத்துக்கொள்ள அனுமதித்துள்ளது. குற்றச்சாட்டு மூன்று. மேற்படி வாயுவில் ஒரு பகுதியைத் திருப்பித் தராமல் தன்னுள்ளேயே கரைத்து வைத்துக்கொண்டுள்ளது. அதன் அளவு இணைப்பில் காண்க. வரைபடம் இணைக்கப்பட்டுள்ளது. தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.’ மூணு பேர் கையெழுத்து. வட்ட முத்திரை. நீள முத்திரை.”

படித்து முடித்தவள் காகிதத்தை மறுபடி மேலே கொண்டுபோய் முதல் வரியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“ஏங்க, செயலாளர் அம்மா என்ன சொன்னாங்க? ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுலதானே?”

செயலாளர் அம்மா குறிப்பாணையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவைதான் படித்தார். எண் இருக்கிறதா, இருக்கிறது. நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா, ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. அவர்கள் அதைத் திட்டிச் சொல்லியிருக்கிறார்களா, பாராட்டிச் சொல்லியிருக்கிறார்களா என்று விதியில் எங்கும் கேட்கவில்லை. நானூறு உறுப்பினர்களுக்கான ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இந்தக் காகிதத்தின் நகல் கிளைச் சங்கங்களுக்கும் தேவைப்படும், கிடைக்குமா என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே பைக்காரர் நிறுவனத்துக்கு விளக்கம் எழுதினார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொண்டாள்.

‘ஐயா, என் மீது சாட்டப்பட்ட மூன்று குற்றங்களும் முற்றிலும் உண்மை. இனியும் அவற்றைத் தொடர்ந்து செய்ய உத்தேசித்துள்ளேன். குற்றச்சாட்டின் முத்திரையிட்ட பிரதிகள் இன்னும் ஆறு அனுப்பி உதவ வேண்டுகிறேன்.’